11ஆம் பக்கம்

சென்னை
ஞாயிறு காலை

அன்புள்ள செந்தில்,

உன் கார்மென்ட்ஸ் ஃபேக்டரிக்கு நீ வாங்கப் போகிற மென்பொருளின் ஒப்பந்தம், நீ அனுப்பிய 42 பக்கமும் வந்தது. ரெண்டு நாளாக அதோடுதான் காப்பி குடிக்கிறேன். ரிட்டயர் ஆனவனுக்கு வேலை கொடுத்த புண்ணியம் உனக்கு. அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததில் சந்தோஷம். இங்கே என் முட்டிதான் சொன்ன பேச்சு கேட்பதில்லை, மற்றபடி சௌக்கியம்.

"இன்னும் ஒரு பத்து சதவீதம் குறைக்கச் சொல்லட்டுமாடா?" என்று மட்டும் கேட்டிருக்கிறாய். விலை 6ஆம் பக்கத்தில் இருக்கிறது. உன்னைக் கவிழ்க்கப் போவது 11ஆம் பக்கம். அங்கே 'பயனர்' என்றால் யார் என்று எழுதியிருக்கிறார்கள்: மென்பொருளை நேரடியாகவோ, வேறொரு கருவி அல்லது நிரல் வழியாகவோ அணுகும் எவரும். நீ ஆபீஸில் கம்ப்யூட்டர் முன்னால் உட்காரும் 35 பேரை எண்ணி 35 உரிமம் போதும் என்கிறாய். லைனில் ஒவ்வொரு பண்டிலையும் முடித்துவிட்டு பார்கோடு ஸ்கேன் பண்ணுகிறார்களே 340 டெய்லர்கள், அவர்கள் யார்? சாயப்பட்டறைக்காரரும் எம்ப்ராய்டரிக்காரரும் செல்போனில் டெலிவரி போடுகிறார்களே, அந்த ஆப் எங்கே போய்ப் பதிகிறது? அந்த ஒரு வரியின்படி அத்தனை பேரும் பயனர்தான்.

நான் பூச்சாண்டி காட்டவில்லை. ஜானி வாக்கர் விற்கிற டியாஜியோ கம்பெனிக்கு இதுதான் நடந்தது. (ஹாஸ்டலில் அந்தக் காலிப் பாட்டிலில் மணிபிளான்ட் வளர்த்தோமே, அதே ஜானி வாக்கர்.) அவர்களிடம் கணக்கு, சரக்கு, ஆர்டர் எல்லாவற்றையும் பார்க்கிற எஸ்ஏபி மென்பொருள் இருந்தது. பிறகு வாடிக்கையாளர்கள் தாங்களே ஆர்டர் போடவும், விற்பனை ஆட்கள் வெளியிலிருந்து வேலை பார்க்கவும் சேல்ஸ்ஃபோர்ஸ் என்ற வேறொரு கம்பெனியின் விற்பனை மென்பொருளில் ரெண்டு புது ஏற்பாடு செய்தார்கள். இரண்டும் பின்னால் எஸ்ஏபியோடு பேசின. அந்த மனிதர்களும் எங்கள் மென்பொருளை மறைமுகமாகப் பயன்படுத்துகிறவர்களே என்று எஸ்ஏபி வழக்குப் போட்டது. கேட்ட தொகை 5 கோடி பவுண்டுக்கும் மேல். 2017 பிப்ரவரியில் லண்டன் உயர் நீதிமன்றம், எவ்வளவு என்பதை அப்போது முடிவு செய்யாவிட்டாலும், கட்டணம் உண்டு என்று சொல்லிவிட்டது. அடுத்த வருஷமே எஸ்ஏபி, இப்படி வெளியிலிருந்து வருவதற்கு ஆளை எண்ணாமல் உருவாகும் ஆவணங்களை எண்ணுகிற வேறொரு கணக்கையும் கொண்டுவந்தது. எண்ணும் பொருள் மாறினால் பில்லும் மாறும். உனக்குத் தெரியாததா? பீஸ் ரேட்டா ஷிப்ட் சம்பளமா என்பதில்தானே உன் லாபமே நிற்கிறது.

இன்னொன்று. 2023 ஜனவரியில் ஆரக்கிள் கம்பெனி, பல மென்பொருள்கள் ஓடத் தேவைப்படுகிற தன் ஜாவாவின் சந்தாவை ஊழியர் தலைக்கு இவ்வளவு என்று மாற்றியது. ஜாவாவைத் தொடுகிறவர் எத்தனை பேர் என்ற பேச்சே இல்லை. மொத்த ஊழியர், பகுதி நேரம், தற்காலிகம், உன் வேலைக்காக நிற்கும் காண்ட்ராக்ட் ஆட்கள் எல்லாரும் கணக்கில். ஆயிரத்துக்குக் குறைவான ஆட்கள் என்றால் பட்டியல் விலை மாதம் தலைக்கு 15 டாலர். 400 பேர் என்று வை, வருஷத்துக்கு 72,000 டாலர். ஜாவாவின் இலவச வடிவமான ஓப்பன்ஜேடிகே இருக்கும்போது அதை எதற்குக் கட்ட வேண்டும்? உனக்கு விற்கிறவன் எந்த ஜாவாவைப் போடுகிறான், அதன் செலவு யார் தலையில் என்று எழுத்தில் வாங்கு.

என் கதையையும் சொல்கிறேன், யாரிடமும் சொன்னதில்லை. கம்பெனியில் ஒரு டேட்டாபேஸ் வாங்கி, ரெண்டு வருஷம் கழித்துச் செலவு மிச்சம் என்று விர்ச்சுவல் சர்வருக்கு (பல மெஷினைச் சேர்த்து, நிரல் எதில் வேண்டுமானாலும் ஓடும்படி செய்கிற ஏற்பாடு) மாற்றினேன். எம்.டி. கைதட்டினார். கொஞ்ச நாளில் 'உரிம ஆய்வு' என்று விற்றவர்களிடமிருந்து மரியாதையாக ஒரு கடிதம் வந்தது. அவர்கள் கணக்கெடுக்கக் கொடுத்த சின்ன நிரலை ஓட்டி, அன்று சாயங்காலமே முடிவை அனுப்பிவிட்டேன். ஒளிக்க என்ன இருக்கிறது என்ற நினைப்பு. டேட்டாபேஸ் ஓடியது ஒரு மெஷினில். அது ஓடக்கூடிய மெஷின் எல்லாவற்றுக்கும் கணக்குப் போட்டு பட்டியல் விலையில் பில் வந்தது. வாங்கும்போது கிடைத்த தள்ளுபடி அதில் இல்லை. ஒப்பந்தத்தை நான் முழுசாகப் படித்தது அதற்குப் பிறகுதான். கட்டிவிட்டு வந்தோம்.

அதனால் உன் ஒப்பந்தத்தில் உரிம ஆய்வு பற்றிய ஷரத்தில் நாலு வார்த்தை சேர்க்கச் சொல்: வருஷத்துக்கு ஒரு தடவை, 45 நாள் முன்னறிவிப்பு, ஷிப்மென்ட் நேரத்தில் கிடையாது, குறை இருந்தால் ஒப்பந்த விலையில்தான் ஈடுகட்டுவது. கேட்டால் பெரும்பாலும் கொடுப்பார்கள். யாரும் கேட்பதில்லை.

புதுப்பித்தலைப் பார்த்தாயா? மூணு வருஷத்துக்கு 40 சதவீதத் தள்ளுபடி, நாலாம் வருஷம் 'அன்றைய பட்டியல் விலை'. அதுவும் 90 நாள் முன்னால் வேண்டாம் என்று சொல்லாவிட்டால் தானாகவே நீளும். அதற்குள் உன் பேட்டர்ன், காஸ்டிங், பையர் கணக்கு எல்லாம் அவர்களிடம் போயிருக்கும். வெளியே வர முடியாது என்று அவர்களுக்கும் தெரியும். வருஷ உயர்வுக்கு இப்போதே உச்சவரம்பு போடு. விலகினால் டேட்டாவை எக்செல்லில் திறக்கிற மாதிரி திருப்பித் தரவும் எழுத வை.

எல்லாவற்றுக்கும் மல்லுக்கட்டாதே. நஷ்ட ஈடு 12 மாதக் கட்டணத்துக்கு மேல் போகாது என்பதை அவர்கள் மாற்றமாட்டார்கள், விடு. தகராறு வந்தால் சிங்கப்பூரில் ஆர்பிட்ரேஷன் (நடுவர் விசாரணை) என்பதை மட்டும் சென்னைக்குக் கொண்டுவா. 'வரிகள் அனைத்தும் வாங்குபவரைச் சேரும்' என்ற வாக்கியத்தை ஆடிட்டரிடம் காட்டு; வெளிநாட்டு மென்பொருளுக்குக் கொடுக்கும் பணம் சாதாரணமாக ராயல்டி ஆகாது, அதற்காக இங்கே வரி பிடிக்க வேண்டாம் என்று உச்ச நீதிமன்றம் 2021 மார்ச்சில் சொன்ன தீர்ப்பு அவருக்குத் தெரிந்திருக்கும்.

விற்கிறவன் அவசரப்படுத்துவான், இந்த வாரம் மட்டும்தான் இந்த விலை என்பான். அவன் கம்பெனிக்கு வருஷக் கணக்கு எப்போது முடிகிறது என்று விசாரி. ஆரக்கிளுக்கு மே, மைக்ரோசாஃப்டுக்கு ஜூன், எஸ்ஏபிக்கு டிசம்பர். அந்தக் கடைசி ரெண்டு வாரத்தில் அவசரம் அவனுக்குத்தான். நீ ஜெர்மன் பையரிடம் 3 சென்ட்டுக்கு மூணு மணி நேரம் பேசுகிறவன். லேட் ஆனால் விமானத்தில் அனுப்பும் செலவு யார் தலையில் என்று பர்ச்சேஸ் ஆர்டரைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்க்கிறவன். இதுக்கு மட்டும் ஏன் கண்ணை மூடிக் கையெழுத்துப் போடப் பார்க்கிறாய்?

ஒன்று பாக்கி. ஒப்பந்தம் 'இணைப்பு சி' என்று மூணு இடத்தில் சொல்கிறது. நீ அனுப்பியதில் இணைப்பு பி-யோடு நின்றுவிட்டது. அதைக் கேட்டு வாங்கி வாட்ஸ்அப்பில் போடு. பாப்பா நிச்சயதார்த்தத்துக்கு வெள்ளிக்கிழமை சேரன் எக்ஸ்பிரஸில் வருகிறோம். அதுவரை பேனாவை வீட்டிலேயே வைத்துவிட்டு ஆபீஸ் போ.

அன்புடன்,
பாலு