விளையாடுபவருக்குத் தண்டனை இல்லை என்பது பாதி உண்மைதான்

ஆசிரியருக்கு,

வணக்கம். ஆன்லைன் சூதாட்டச் செய்தி எதை எடுத்தாலும் 'நடத்துபவருக்குத்தான் தண்டனை, விளையாடுபவருக்கு இல்லை' என்று ஒரு வரி வந்துவிடுகிறது. மத்திய சட்டத்தை மட்டும் வைத்துச் சொன்னால் அது சரி. தமிழ்நாட்டில் உட்கார்ந்து கிரிக்கெட் பந்தயம் கட்டுபவருக்கு அது பொருந்தாது.

2025 ஆகஸ்ட் 22 அன்று குடியரசுத் தலைவர் ஒப்புதல் அளித்த மத்திய சட்டம் (ஆன்லைன் விளையாட்டு ஊக்குவிப்பு, ஒழுங்குமுறைச் சட்டம்), திறமையா அதிர்ஷ்டமா என்ற பழைய வழக்கையே ஓரங்கட்டிவிட்டது. பணம் கட்டி, பதிலுக்குப் பணம் வரும் என்ற எதிர்பார்ப்பில் ஆடினால் அது 'ஆன்லைன் பண விளையாட்டு'. ரம்மி திறமை ஆட்டம் என்று 1967இல் உச்ச நீதிமன்றம் சொன்னதைப் பிடித்துக்கொண்டு ஓடிய செயலிகளுக்கு இந்த ஒரு வரையறையிலேயே இடமில்லாமல் போனது. ரூபாய்க்குப் பதில் காயின், டோக்கன் என்று பெயர் மாற்றினாலும் தப்ப முடியாது. பணம் கொடுத்து வாங்கிய காயினும் பணயம்தான். நடத்துபவருக்கு 3 ஆண்டு வரை சிறை, 1 கோடி ரூபாய் வரை அபராதம். ஆடுபவருக்கு இதில் தண்டனைப் பிரிவு கிடையாது.

மாநிலச் சட்டம் அப்படியில்லை. 2023 ஏப்ரலில் ஆளுநர் ஒப்புதல் பெற்ற தமிழ்நாடு ஆன்லைன் சூதாட்டத் தடைச் சட்டப்படி, ஆன்லைனில் பந்தயம் கட்டுபவருக்கும் பணம் வைத்து அதிர்ஷ்ட ஆட்டம் ஆடுபவருக்கும் 3 மாதம் வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். அந்தச் சட்டத்தின் அதிர்ஷ்ட ஆட்ட அட்டவணையில் இருந்த ரம்மியையும் போக்கரையும் 2023 நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் நீக்கியது. சட்டத்தின் மற்ற பகுதி நின்றது. ஆகவே ரம்மி ஆடியவருக்குச் சொல்லும் 'தண்டனை இல்லை' என்ற பதிலை, ஐபிஎல் பந்தயம் கட்டியவருக்கும் 'உள்ளே வெளியே' என்று நம்மூரில் சொல்லும் அந்தர் பாகர் ஆடியவருக்கும் சொல்லக் கூடாது. மத்திய சட்டம் செல்லுமா என்ற வழக்குகளை உயர் நீதிமன்றங்களிலிருந்து உச்ச நீதிமன்றம் 2025 செப்டம்பரில் தன்னிடம் மாற்றிக்கொண்டது. வழக்கு தொடுத்த உடனே தடை விலகிவிட்டதாக நினைப்பவர்களும் இருக்கிறார்கள். மனு தாக்கல் என்பது வேறு, சட்டத்தையே நிறுத்திவைக்கும் இடைக்கால உத்தரவு என்பது வேறு.

'வரி பிடிக்கிறார்களே, அப்புறம் எப்படிச் சட்டவிரோதம்?' என்பது அடிக்கடி கேட்கும் இன்னொரு வாதம். ஆன்லைன் ஆட்டத்தில் ஜெயித்த நிகரத் தொகைக்கு 2023 ஏப்ரல் முதல் 30 சதவீத வருமான வரி. கட்டும் பணத்தின் முழு மதிப்புக்கும் 2023 அக்டோபர் முதல் 28 சதவீத ஜிஎஸ்டி. 2025 செப்டம்பர் 22 முதல் அது 40 சதவீதம். ஆனால் 2023இல் அந்த ஜிஎஸ்டி திருத்தத்தைக் கொண்டுவந்த சட்டமே, சூதாட்டத்தைத் தடைசெய்யும் வேறு சட்டங்களுக்கு இது குறுக்கே நிற்காது என்று எழுதி வைத்திருக்கிறது. வரி கட்டிய ரசீதை அனுமதிச் சீட்டாகக் காட்ட முடியாது.

செய்திகளில் அதிகம் வராத விஷயம் பணம் போகும் வழி. உள்நாட்டுச் செயலிகள் பண ஆட்டத்தை நிறுத்திய பிறகும் வெளிநாட்டுப் பந்தயத் தளங்கள் பெயரில் ஒரு எழுத்தை மாற்றிக்கொண்டு திரும்பத் திரும்ப வருகின்றன. பணம் கட்டப் போனால் ஒரு க்யூஆர் குறியீடு வரும். அது நிறுவனத்தின் கணக்காக இருக்காது. யாரோ ஒரு தனிநபருடையதாகவோ 'டிரேடர்ஸ்' என்று முடியும் பெயரிலோ இருக்கும். நாளைக்கு வேறாக இருக்கும். பணம் அனுப்பிவிட்டு 12 இலக்க யுடிஆர் எண்ணை (பணப் பரிமாற்ற அடையாள எண்) தளத்தில் போட்டால் காயின் ஏறும். ஜெயித்த பணமும் இப்படி முகம் தெரியாத இன்னொருவர் கணக்கிலிருந்துதான் வரும். அந்தக் கணக்கில், எங்கோ ஒரு முதியவர், போலீஸ்போல வீடியோ அழைப்பில் மிரட்டும் 'டிஜிட்டல் கைது' மோசடியில் இழந்த பணமும் கலந்திருக்கலாம். அவர் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்கு அழைத்துப் புகார் கொடுத்ததும், பணம் கைமாறிய கணக்குகள் அடுக்கடுக்காக முடக்கப்படும். மூன்றாவது அடுக்கில் உங்கள் சம்பளக் கணக்கு இருந்தால் அதுவும் சேர்ந்து நிற்கும்.

அப்போது வங்கிக் கிளையில் சத்தம் போட்டுப் பயனில்லை; மேலாளரால் தானாக விடுவிக்க முடியாது. வங்கியிடம் மூன்று விவரங்களை எழுத்தில் கேட்டு வாங்க வேண்டும்: புகாரின் ஒப்புகை எண், எந்த மாநிலத்தின் எந்தக் காவல் நிலையம், சர்ச்சைக்குரிய தொகை எவ்வளவு. பிறகு கணக்கு அறிக்கையோடு விசாரணை அதிகாரிக்கு மின்னஞ்சல் அனுப்பி, அந்தத் தொகையை மட்டும் நிறுத்திவைத்து மீதியை விடுவிக்கக் கோரலாம். 4,000 ரூபாய்ப் புகாருக்காக முழுக் கணக்கும் முடங்குவது அபூர்வமல்ல. பதில் வராவிட்டால் பாரதிய நாகரிக சுரக்‌ஷா சன்ஹிதாவின் (குற்றவியல் நடைமுறைச் சட்டம்) 503ஆவது பிரிவின் கீழ் மாஜிஸ்திரேட்டிடம் மனு போடலாம். ஒன்றை மட்டும் செய்யக் கூடாது: பந்தயத்தில் வந்த பணத்தை 'நண்பர் திருப்பித் தந்த கடன்' என்று எழுதுவது. யுடிஆர் எண்ணைத் தொடர்ந்து போனால் பொய் அன்றைக்கே தெரிந்துவிடும். அதுவரை சாட்சியாக இருந்தவர் அப்புறம் சந்தேக நபர்.

தோற்ற பணத்தை வழக்குப் போட்டு வாங்கலாமா என்றால், முடியாது. 1872ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டம், 30ஆவது பிரிவு: பந்தய ஒப்பந்தம் செல்லாது. ஜெயித்த பணத்தைத் தளம் தராமல் ஏமாற்றினாலும் அதே பிரிவுதான் குறுக்கே வரும்.

எல்லாவற்றையும்விட ஆபத்தில் இருப்பவர்கள் தங்கள் வங்கிக் கணக்கை வாடகைக்கு விடும் கல்லூரி மாணவர்கள். பாஸ்புக், ஏடிஎம் அட்டை, சிம் மூன்றையும் கமிஷனுக்குக் கொடுத்துவிட்டு, 'நான் விளையாடவே இல்லையே' என்கிறார்கள். மத்திய சட்டத்தின் 7ஆவது பிரிவு வங்கிகளோடு நிற்கவில்லை; பணப் பரிமாற்றத்துக்கு வழிசெய்யும் 'வேறு எந்த நபரும்' என்கிறது. என் வாசிப்பில் அந்தச் சொற்கள் கணக்கை வாடகைக்கு விட்டவரையும் பிடிக்கும். தண்டனை நடத்துபவருக்கு உள்ள அதே 3 ஆண்டு, 1 கோடி. பிணையில் வர முடியாத குற்றமும்கூட. ஆடியவர் 5,000 ரூபாய் அபராதத்தோடு போகக்கூடும். கணக்கைக் கொடுத்த பையன் உள்ளே இருப்பான்.

பிள்ளைகள் கேமில் உடை, ஆயுதம் வாங்கப் பணம் கட்டுவதையும் இதோடு போட்டுக் குழப்ப வேண்டாம். திரும்பப் பணமாக்க முடியாத வரை அது இந்தத் தடைக்குள் வராது. அங்கீகாரம் பெற்ற இ-ஸ்போர்ட்ஸ் (வீடியோ கேம்) போட்டிக்கான நுழைவுக் கட்டணமும் அப்படியே.

கடைசியாக, தங்கள் அலுவலகத்துக்கே ஒன்று. விளையாட்டுச் செய்தி இணையதளம் என்ற போர்வையில் பந்தய நிறுவனங்களின் பெயர்கள் விளம்பரமாக வருவதுண்டு. மத்திய சட்டத்தின் 6ஆவது பிரிவு 'எந்த ஊடகத்திலும்', 'நேரடியாகவோ மறைமுகமாகவோ' என்கிறது. 2 ஆண்டு வரை சிறை, 50 லட்சம் வரை அபராதம். விளம்பரப் பிரிவில் இருப்பவர்களும் அதை ஒருமுறை படித்து வைத்துக்கொள்வது நல்லது.

இப்படிக்கு,
சைபர் வழக்குகளைக் கையாளும் வழக்கறிஞர்,
மதுரை.