கையெழுத்துப் போடுவதற்கு முன்

அன்புள்ள பூங்கொடிக்கு,

நீ போனில் சொன்னதை எல்லாம் எழுதி வைத்திருக்கிறேன். உன் ஆபீஸில் ஆட்களைக் குறைக்கிறார்கள், வெள்ளிக்கிழமைக்குள் ராஜினாமா மெயில் அனுப்பாவிட்டால் டெர்மினேஷன் லெட்டர் (பணிநீக்கக் கடிதம்) வரும் என்று எச்ஆர் சொன்னார்கள் அல்லவா? அந்த மெயிலை இப்போதைக்கு அனுப்பாதே.

'சொந்தக் காரணங்களுக்காக விலகுகிறேன்' என்று எழுதிக் கொடுத்தால், சட்டப்படி அது ஆட்குறைப்பே இல்லை என்றாகிவிடும். ஆட்குறைப்பு என்றால் ஒரு மாத நோட்டீஸ் அல்லது அதற்கான சம்பளம், முடித்த ஒவ்வொரு வருஷத்துக்கும் 15 நாள் சம்பளம் கேட்க வழியிருக்கிறது. நிர்வாகப் பதவியில் இருப்பவர்களுக்கு அது கிடையாது. உனக்குக் கீழே ஆள் யாரும் இல்லை, நீ கம்ப்யூட்டர் புரோகிராம் எழுதுகிறவள், அதனால் கேட்டுப்பார். 'டெர்மினேட்டட்' என்று இருந்தால் புது ஆபீஸ் உன் பழைய வேலையை விசாரிக்கும் பேக்ரவுண்ட் வெரிஃபிகேஷனில் கேள்வி வரும் என்று பயமுறுத்துவார்கள். அதில் கொஞ்சம் உண்மையும் உண்டு. அவர்கள் தரும் தொகை நன்றாக இருந்து, ராஜினாமாதான் வசதி என்று உனக்குப் பட்டால் கொடு. ஆனால் 'நிறுவனத்தின் ஆட்குறைப்பை ஒட்டி, நிறுவனம் கேட்டுக்கொண்டதால் விலகுகிறேன்' என்று எழுது. தொகை எவ்வளவு, கடைசி நாள் எது என்பது அவர்களிடமிருந்து மெயிலில் வந்த பிறகு எழுது.

அடுத்தது கிராஜுவிட்டி, அதாவது வேலையை விட்டுப் போகும்போது நிறுவனம் தரும் பணிக்கொடை. ஐந்து வருஷம் ஆகவில்லை என்று கைவிரிக்கப் பார்ப்பார்கள். உனக்கு 4 வருஷம் 10 மாதம். ஐந்தாவது வருஷத்தில் 240 நாள் வேலை பார்த்திருந்தால் அதை முழு வருஷமாகக் கொள்ளலாம் என்று சென்னை உயர்நீதிமன்றம் பல வருஷங்களுக்கு முன்பே தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. வாரம் ஐந்து நாள் ஆபீஸ் என்றால் 190 நாள் போதும் என்பது சட்டத்திலேயே இருக்கிறது. கணக்கு எளிது: பேசிக்கை (மாத அடிப்படைச் சம்பளத்தை) 26-ஆல் வகுத்து, 15-ஆல் பெருக்கி, வருஷத்தால் பெருக்கு. ஆறு மாதத்துக்கு மேற்பட்ட மிச்சம் முழு வருஷமாகும். உன் பேசிக் 48,000. ஆகவே சுமார் 1,38,460 ரூபாய். சும்மா விடுகிற தொகையா? வழக்கு, வாதம் எதுவும் வேண்டாம் என்றால், கடைசி நாளை இரண்டு மாதம் தள்ளிப் போடச் சொல், ஐந்து வருஷம் முடிந்துவிடும். கேட்டால் தள்ளிக் கொடுக்கவும் கூடும்.

லேப்டாப்பை ஒப்படைத்த அன்றே எல்லா லாகினும் போய்விடும். அதற்கு முன்னால் சம்பளச் சீட்டுகள், படிவம் 16 (வரி பிடித்த சான்று), இன்க்ரிமென்ட் லெட்டர்கள், இன்ஷூரன்ஸ் கார்டு எல்லாவற்றையும் உன் சொந்த மெயிலுக்கு மாற்று. ஆபீஸ் கோடு, கிளையன்ட் ஃபைல் எதையும் தொடாதே. அதைக் காரணம் காட்டியே செட்டில்மென்டை, அதாவது கடைசிக் கணக்குப் பணத்தை, நிறுத்துவார்கள். பிஎஃப் (வருங்கால வைப்பு நிதி) கணக்கில் இருப்பது உன் சொந்த போன் நம்பர்தானா என்றும் பார்.

பிஎஃப் பணத்தை எடுக்காதே. ஐந்து வருஷ சர்வீஸ் முடியாமல் எடுத்தால் வரி. நிறுவனமே ஆளைக் குறைத்ததால் வேலை போனது என்றால் அந்த வரிக்கு விலக்குக் கேட்கலாம். 'சொந்தக் காரணம்' என்று எழுதிவிட்டால் அந்த வழியும் அடைபடும். பென்ஷனுக்குப் பத்து வருஷ சர்வீஸ் வேண்டும். பென்ஷன் பகுதியை எடுத்தால் இதுவரை சேர்ந்த வருஷங்கள் போய்விடும். புது வேலை கிடைத்ததும் மாற்றிக்கொள். விலகிய தேதியைப் பழைய ஆபீஸ் பதியாவிட்டால், கடைசி மாதத் தொகை கட்டி இரண்டு மாதம் கழித்து நீயே பிஎஃப் போர்ட்டலில் பதியலாம்.

எனக்குப் பெரிய கவலை இன்ஷூரன்ஸ்தான். நானும் அம்மாவும் உன் ஆபீஸ் எடுத்திருக்கும் குரூப் மருத்துவ பாலிசியில் இருக்கிறோம். உன் கடைசி நாளோடு அது முடியும். அம்மாவுக்கு சுகர். வெளியில் புதிதாக எடுத்தால், ஏற்கெனவே இருக்கும் நோய்க்கு மூன்று வருஷம் வரை காத்திருக்கச் சொல்லலாம். அதே இன்ஷூரன்ஸ் கம்பெனியின் தனிநபர் பாலிசிக்கு மாற்றிக்கொண்டால், குரூப்பில் கழிந்த வருஷங்கள் கணக்கில் வரும். கடைசி நாளுக்கு முன்பே எழுதிக் கேள். பிரீமியம் கூடும், நாங்கள் கட்டுகிறோம்.

வருகிற பணத்தில் வீட்டுக் கடனில் ஒரு பகுதியை அடைக்கலாம் என்றாய். வேண்டாம். அப்படி அடைத்தாலும் அடுத்த மாதத் தவணை நிற்காது, கையில் இருப்புதான் குறையும். ஆறு மாதத் தவணை, வாடகை, சாப்பாட்டுச் செலவைத் தனி சேமிப்புக் கணக்கில் போடு. கிரெடிட் கார்டு பாக்கி இருந்தால் அதை மட்டும் முழுசாகத் தீர்த்துவிடு. மினிமம் டியூ (குறைந்தபட்சத் தொகை) மட்டும் கட்டிக்கொண்டே போனால் மாதம் மூன்று சதவீதத்துக்கு மேல் வட்டி ஏறும். சம்பளம் நின்றதும் சேலரி அக்கவுன்ட் சாதாரணக் கணக்காக மாறி மினிமம் பேலன்ஸ் கேட்கலாம், கவனி. தவணை கட்ட முடியாது என்று தோன்றினால், பவுன்ஸ் ஆகும் முன்பே வங்கிக்குப் போய்க் காலத்தை நீட்டிக் கேள்.

நடுவருஷத்தில் புது ஆபீஸில் சேர்ந்தால் பழைய சம்பள விவரத்தைக் கொடு. இல்லாவிட்டால் இரண்டு இடமும் தனித்தனியாக வரிச் சலுகை கொடுத்து, கடைசியில் பெரிய தொகையை வட்டியோடு நீ கட்ட வேண்டிவரும். வேலை வாங்கித் தருகிறேன், டெபாசிட் கட்டு என்பவன் யாராக இருந்தாலும் போனை வை. ஏமாந்துவிட்டால் உடனே சைபர் மோசடிப் புகார் எண் 1930-ஐக் கூப்பிடு.

அம்மா ஊருக்கு வரச் சொல்கிறாள். வா, ஆனால் செட்டில்மென்ட் தாள் கைக்கு வந்த பிறகு வா. 'எல்லா பாக்கியும் பெற்றுக்கொண்டேன்' என்ற வரி அதில் இருக்கும். கையெழுத்துப் போடுவதற்கு முன் எனக்குப் படம் எடுத்து அனுப்பு. லீவ் நாட்கள் கணக்கையும் அதோடு எழுதி அனுப்பு, ராத்திரி உட்கார்ந்து கூட்டிப் பார்க்கிறேன்.

அன்புடன்,
அப்பா