ஒரு லட்சம் யோசனைகளின் ஊர்

கிறைஸ்ட்சர்ச்,
நியூசிலாந்து

அன்புள்ள அப்பாவுக்கு,

இங்கே எல்லோரும் நலம். அம்மாவின் முழங்கால் வலி குறைந்திருக்கும் என்று நம்புகிறேன்.

போன வாரம் போனில், “பூகம்பம் வந்து இத்தனை வருஷம் ஆச்சே, அந்த ஊரை இன்னுமா கட்டிக்கிட்டு இருக்காங்க?” என்று கேட்டீர்கள். அவசரத்தில் ஏதோ பதில் சொன்னேன், எனக்கே அது போதவில்லை. கும்பகோணம் நகராட்சியில் நகரமைப்புப் பிரிவில் இருந்தவர் நீங்கள். உங்களுக்கு இதை விவரமாகச் சொன்னால்தான் எனக்கு மனம் ஆறும்.

2011 பிப்ரவரி 22, மதியம் 12:51-க்கு நிலம் குலுங்கியது. அளவு 6.3தான். அதற்கு முந்தைய செப்டம்பரில் வந்தது 7.1. ஆனால் இது ஊருக்கு மிக அருகில், ஆழம் குறைவாக வந்ததால் 185 உயிர்கள் போயின. ஊரின் நடுப்பகுதியைச் சுற்றி வேலி போட்டு ராணுவத்தைக் காவலுக்கு நிறுத்தினார்கள். அந்தக் காவல் முழுதாக விலக 2013 ஜூன் ஆகிவிட்டது. நடுப்பகுதிக் கட்டடங்களில் பாதிக்கும் மேல் இடிபட்டன. நாங்கள் இங்கே வந்த புதிதில் தெருவுக்குத் தெரு ஜல்லி பரப்பிய வெற்று மனைகள், அவற்றில் கார் நிறுத்தக் கட்டணப் பலகைகள், அவ்வளவுதான்.

பூகம்பத்துக்கு முன்பே நடுவூர்க் கடைத்தெரு மெலிந்து வந்திருக்கிறது. புறநகர் மால்களில் கார் நிறுத்துவது சுலபம் என்று ஜனங்கள் அங்கே போய்விட்டார்கள். 2009-லேயே டென்மார்க்கின் யான் கெல் என்ற நகரமைப்பாளரை அழைத்து, நடுவூரில் மனிதர்கள் எப்படி நடக்கிறார்கள், எங்கே உட்காருகிறார்கள் என்று ஆய்வு செய்யச் சொல்லியிருந்தார்கள். அதனால் இடிந்ததை அப்படியே திரும்பக் கட்டுவதா, வேறு மாதிரி ஊரைக் கட்டுவதா என்ற கேள்வி முதலிலேயே வந்துவிட்டது.

அப்போது நகராட்சி செய்த காரியத்தை நினைத்தால் எனக்கு இன்றும் பெருமையாக இருக்கிறது, நான் அப்போது இங்கே இல்லாவிட்டாலும். “யோசனையைப் பகிருங்கள்” என்று 2011 மே மாதத்தில் ஊரையே கேட்டார்கள். போக்குவரத்து, வணிகம், பொது இடம், வாழ்க்கை என்று நான்கு தலைப்புகள். ஒரு பெரிய கண்காட்சி வைத்து, சுவர் முழுக்கச் சின்னச் சின்ன ஒட்டுத்தாள்களில் எழுதி ஒட்டச் சொன்னார்கள். ஆறு வாரத்தில் 1,06,000 யோசனைகள் வந்தன. அன்றைய மக்கள்தொகை நாலு லட்சத்துக்கும் குறைவு. பலருக்கு அப்போது வீட்டில் கழிவறைகூட ஒழுங்காக வேலை செய்யவில்லை. அந்த நிலையில் உட்கார்ந்து ஊரைப் பற்றி எழுதியிருக்கிறார்கள்.

எங்கள் பக்கத்து வீட்டுப் பாட்டி எழுதி ஒட்டியவர்களில் ஒருவர். ஆற்றங்கரையில் தண்ணீர் வரை இறங்கி உட்கார ஓர் இடம் வேண்டும் என்று கேட்டாராம். இன்று ஏவன் ஆற்றங்கரையில் படிகள் இருக்கின்றன. அங்கே என்னை அழைத்துப் போய், “இது நான் கேட்டது” என்று காட்டினார். அவரைப் போல இன்னும் எத்தனையோ பேர் அதைக் கேட்டிருப்பார்கள், அது அவருக்கும் தெரியும். இருந்தாலும் அந்தப் படியில் அவருக்கு ஒரு உரிமை இருக்கிறது. அரசாங்கம் கட்டிக் கொடுத்த இடத்தில் நாம் அப்படிப் பேசி நான் கேட்டதில்லை, அப்பா.

மக்கள் அதிகம் கேட்டவை இவைதாம்: உயரம் குறைந்த கட்டடங்கள், மரங்கள், ஆற்றோரப் பூங்கா, சைக்கிளுக்கும் நடப்பவர்களுக்கும் வழி. அவற்றை வைத்து நகராட்சி ஒரு வரைவுத் திட்டம் போட்டு, 2011 டிசம்பரில் மத்திய அரசின் அமைச்சரிடம் கொடுத்தது. பல்கலைக்கழகம் வரை, டிராம் மாதிரியான இலகு ரயில்கூட அதில் இருந்தது.

அதற்குப் பிறகு நடந்ததைத்தான் நீங்கள் கவனிக்க வேண்டும். 2012 ஏப்ரலில் மத்திய அரசு பொறுப்பைத் தன் கையில் எடுத்துக்கொண்டது. தனிப் பிரிவு ஒன்றை அமைத்து, நூறு நாளில் புதிய வரைபடம் தயாரிக்கச் சொன்னது. ஜூலை கடைசியில் அது வெளிவந்தது. ஆற்றங்கரைப் பூங்கா, ஏழு மாடி உயர வரம்பு போன்றவை தங்கின. இலகு ரயில் போய்விட்டது. மாநாட்டு மையம், விளையாட்டு மைதானம் என்று பெரிய பெரிய கட்டடங்கள் முன்னுக்கு வந்தன. அவற்றுக்காக நடுவூர் மனைகளைக் கட்டாயமாகக் கையகப்படுத்தவும் அரசுக்கு அதிகாரம் இருந்தது. அரசிடம் பணம் இருந்தது, சட்டமும் இருந்தது, அதை நான் குறை சொல்லவில்லை. ஆனால் இரண்டாம் முறை ஊரிடம் கேட்கவே இல்லையே என்ற வருத்தம் இங்கே பலருக்கு இன்றும் உண்டு. எனக்கும் அது நியாயமான வருத்தமாகத்தான் படுகிறது. பெரிய கட்டடத்தை வரைபடத்தில் குறிப்பது ஒரு நாள் வேலை, கட்டுவது பத்து வருட வேலை. மாநாட்டு மையம் திறந்தது 2021 டிசம்பரில். அதுவரை அந்த மனை ஊருக்குப் பயன்படவில்லை. நீங்கள் கேட்ட கேள்விக்குப் பாதிப் பதில் இதுதான்.

மீதிப் பாதியைச் சொல்லவே எனக்கு ஆசை. பெரியவை வரும்வரை ஜனங்கள் சும்மா இருக்கவில்லை. 2011 அக்டோபரிலேயே கப்பல் கன்டெய்னர்களை அடுக்கிக் கடைத்தெரு போட்டுவிட்டார்கள். காலி மனை ஒன்றில் நடன மேடை அமைத்து, லாண்டரியில் இருந்த பழைய வாஷிங் மெஷினைப் பாட்டுப் பெட்டியாக்கினார்கள். காசு போட்டால் அரை மணி நேரம் பாட்டு ஒலிக்கும், யார் வேண்டுமானாலும் ஆடலாம். அப்புறம் ஒவ்வொன்றாக வந்தன. 2015-ல் குழந்தைகளுக்கான மார்கரெட் மாஹி விளையாட்டுத் திடல், 2018-ல் தேவாலயச் சதுக்கத்தில் டூரங்கா என்ற ஐந்து மாடி நூலகம், 2019-ல் ஆற்றோரச் சந்தை. சனிக்கிழமை அந்தச் சந்தைக்குள் நுழைந்தால் நம்மூர்க் கூட்டம்தான். நடுவூர்ச் சாலைகள் பலவற்றில் வேகம் மணிக்கு 30 கிலோமீட்டருக்கு மேல் கூடாது. உங்கள் பேத்தி பயமில்லாமல் நூலகத்துக்கு நடந்து போகிறாள். பூகம்பத்தில் இடிந்த, சதுக்கத்துத் தேவாலயம் மட்டும் இன்னும் பாதியில் நிற்கிறது, பணம் போதாமல் 2024-ல் வேலையை நிறுத்திவிட்டார்கள்.

கேட்கும் பழக்கமும் திரும்பிவிட்டது. 2022-ல் மைதானத்தின் செலவு ஏறி 683 மில்லியன் டாலர் ஆனபோது, கட்டலாமா நிறுத்தலாமா என்று நகராட்சி மறுபடி ஊரைக் கேட்டது. முப்பதாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் பதில் எழுதினார்கள். முக்கால்வாசிப் பேர் கட்டு என்றார்கள், கட்ட முடிவானது. எனக்கு அவ்வளவு பணத்தில் மைதானம் தேவையா என்று தோன்றியது. ஆனாலும் அது ஊர் எடுத்த முடிவு என்பதால் ஏற்றுக்கொள்ள முடிந்தது.

இங்கே சட்டப்படி மூன்று வருடத்துக்கு ஒருமுறை பத்து வருடத் திட்டம் போட வேண்டும், போடுமுன் ஜனங்களைக் கேட்டாக வேண்டும். எந்தச் செலவுக்கு வீட்டு வரி எவ்வளவு ஏறும் என்று அந்த ஆவணத்திலேயே இருக்கும். 2024-ல் நானும் எழுதிப் போட்டேன். பஸ் நிலையத்திலிருந்து ஆற்றங்கரை வரை இரவில் பெண்கள் நடக்க நல்ல வெளிச்சம் வேண்டும் என்று. நேரில் பேச வருகிறீர்களா என்று கேட்டார்கள், போனேன். கவுன்சிலர்கள் வரிசையாக உட்கார்ந்திருக்க, என் உச்சரிப்போடு, சில நிமிடம் பேசினேன். எந்த இடத்தில் இருட்டு அதிகம் என்று ஒருவர் கேட்டுக் குறித்துக்கொண்டார். பிறகு, என்ன முடிவெடுத்தார்கள் என்று எழுத்தில் பதிலும் வந்தது.

நீங்கள் வேலையில் இருந்தபோது, ஆட்சேபணை இருந்தால் எழுதித் தரலாம் என்று அறிவிப்புப் பலகையில் ஒட்டுவீர்கள். யாரும் வரமாட்டார்கள் என்று வருத்தப்படுவீர்கள். வரைபடம் முடிந்த பிறகு ஆட்சேபணை கேட்டால் யார் வருவார்கள், அப்பா? வெள்ளைத்தாளாக இருக்கும்போதே கேட்டால் வருவார்கள் என்றுதான் இந்த ஊரைப் பார்த்தபின் நினைக்கிறேன். இப்போது நம் ஊரிலும் ஜனங்கள் கூடிக் குறைகளைப் பேசும் பகுதி சபை நடக்கிறதே, நீங்கள் போகிறீர்களா? போகாவிட்டால் அடுத்த முறை அவசியம் போங்கள். உங்களுக்குத் தெரிந்த அளவுக்கு நம் தெருவின் சாக்கடையும் வாய்க்காலும் வேறு யாருக்குத் தெரியும்?

டிசம்பரில் இங்கே கோடைக்காலம். விசாவுக்கு நேரம் பிடிக்கும், அதனால் உங்கள் இருவரின் பாஸ்போர்ட் நகலையும் இந்த வாரமே அனுப்பிவிடுங்கள். பக்கத்து வீட்டுப் பாட்டி உங்களோடு பேச வேண்டும் என்று இப்போதே சொல்லிவைத்திருக்கிறார்.

அன்புடன்,
உங்கள் மகள்