சேகர நற்செய்திக் குழு: செயலாளரின் ஆண்டறிக்கை (2024 ஏப்ரல் முதல் 2025 மார்ச் வரை)

தலைவர் சேகரகுரு ஐயரவர்களுக்கும், சபை ஊழியருக்கும், கமிட்டி அங்கத்தினர்களுக்கும், சபையார் அனைவருக்கும் ஆண்டவர் இயேசுவின் நாமத்தில் தோத்திரம்.

நம் சேகரத்தில், அதாவது ஒரு குருவின் பொறுப்பிலுள்ள சபைகளில், நற்செய்தி அறிவிக்கும் நம் குழு இந்த ஆண்டில் 11 முறை கூடியது. நவம்பர் கூட்டம் மழையால் நடக்கவில்லை. வரவு செலவைப் பொருளாளர் தனியே வாசிப்பார். வீடு வீடாகப் போகும் சனிக்கிழமைச் சந்திப்பு, சமைக்கும்போது எடுத்துவைக்கும் கைப்பிடி அரிசிக் காணிக்கை, ஞானஸ்நானம் பெற விரும்புகிறவர்களுக்கான விசாரிப்போர் வகுப்பு மூன்றும் நடந்தன. ஆனாலும் ஆண்டு முழுவதும் குழு திரும்பத் திரும்பப் பேசியது ஒரே காரியத்தை: வாசலில் நின்று நாம் சொல்வது கிருபைதானா, தகுதி பாராமல் தேவன் இலவசமாய்த் தரும் தயவைத்தானா?

"குடியை விட்டுட்டு ஆலயத்துக்கு வாங்க, ஆண்டவர் ஏத்துக்குவார்." நல்ல மனதோடுதான் இதைச் சொல்லி வந்தோம். ஆனால் கேட்கிறவருக்குப் போய்ச் சேருவது என்ன? முதலில் நீ திருந்து, பிறகு தேவன் பார்த்துக்கொள்வார் என்பது. அது நற்செய்தி அல்ல. வேதத்தில் எபேசியர் நிருபம் 2ஆம் அதிகாரத்தில் 8, 9, 10 ஆகிய மூன்று வசனங்களின் வரிசையைப் பாருங்கள். கிருபையினால், விசுவாசத்தைக்கொண்டு இரட்சிப்பு. அது தேவனுடைய ஈவு. ஒருவரும் பெருமைபாராட்டாதபடி அது கிரியைகளால், அதாவது நம் செயல்களால், உண்டானதல்ல. நற்கிரியை என்ற சொல் 10ஆம் வசனத்தில்தான் வருகிறது, அதுவும் பலனாக. 9இல் நிறுத்தினால் எப்படியும் வாழலாம் என்று ஆகிவிடும். 10இல் தொடங்கினால், கட்டளைகளைக் கைக்கொண்டால்தான் இரட்சிப்பு என்ற நியாயப்பிரமாணம் ஆகிவிடும். ஆகவே வாசிக்கிறவர் மூன்றையும் சேர்த்தே வாசிக்க வேண்டும் என்று ஜூன் கூட்டத்தில் முடிவானது.

அதைவிட ஆழமாக வேரோடியிருப்பது பொருத்தனை. நம் பக்கத்தில் தெய்வம் என்றதும் நேர்ச்சைதான் முதலில் நினைவுக்கு வரும்: வேலை கிடைத்தால் இது, பிள்ளை பிறந்தால் அது. சபைக்குள்ளும் அந்தப் பழக்கம் இருக்கிறது. பிறரை மட்டும் சொல்வது நியாயமல்ல. இந்தக் கணக்கோடு இருப்பவரிடம் "இயேசுவிடம் வாங்க, நோய் போகும்" என்றால், அவர் அதை ஒரு பேரமாகவே எடுத்துக்கொள்வார். நோய் போகாவிட்டால் ஏமாந்துபோய் விலகுவார். போய்விட்டாலோ ஒரு காணிக்கையோடு கணக்குத் தீர்ந்தது என்று நினைப்பார். எப்படியானாலும் அவர் சிலுவையைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. வியாதியஸ்தருக்காக ஜெபிக்கிறோம், இனியும் ஜெபிப்போம். ஆனால் சுகத்தை வாக்குக் கொடுத்து ஒருவரையும் அழைக்கக் கூடாது.

சொற்களும் இடறலாகின்றன. கிருபை, இரட்சிப்பு, ஈவு ஆகியவை 1871ஆம் ஆண்டின் மொழிபெயர்ப்பு வழியாக நம் வாயில் ஊறிப்போன சொற்கள். வெளியே இருப்பவருக்கு அவை ஆலயத்துப் பேச்சு. 1995இல் வந்த மொழிபெயர்ப்பான திருவிவிலியம் அருள், மீட்பு, கொடை என்கிறது. வேதத்தை நம் மொழிபெயர்ப்பிலேயே வாசிக்கட்டும். விளக்கும்போது இந்தச் சொற்களைச் சேர்த்துச் சொல்லட்டும்.

இவற்றில் 'மீட்பு' எல்லாருக்கும் சட்டென்று புரிகிறது, ஏனென்றால் நகையை அடகு வைத்து மீட்காத தெரு கிடையாது. அடகுச் சீட்டில் நகையின் எடை, தொகை, வட்டி, கெடு எல்லாம் இருக்கும். கெடு தாண்டினால் ஏலம். வட்டியே அசலுக்குச் சமமாக ஏறி நிற்கையில், சொந்தக்காரரால் முடியாததை வேறொருவர் தம் பணத்தில் அசலும் வட்டியுமாகக் கட்டி, நகையை அவர் கையில் கொடுத்தால் எப்படி இருக்கும்? இந்த உவமையைச் சொல்லும்போது கவனிக்க வேண்டியவை இரண்டு. "அப்போ அந்தப் பணம் யாருக்குப் போச்சு?" என்று கேட்பார்கள். அங்கே உவமை நின்றுவிடும். இழுத்தால் பிசாசுக்குக் கிரயம் கொடுத்ததாக முடியும். கிரயம் செலுத்தப்பட்டது, விடுதலை கிடைத்தது என்பதோடு நிறுத்துங்கள். அடுத்தது, "சும்மா மன்னிப்பு கிடைக்கும்னா இன்னும் பாவம் செய்யலாமே?" என்ற கேள்வி. ரோமர் 6இன் தொடக்கத்தில் பவுலே இதைக் கேட்டுப் பதிலும் சொல்கிறார். மீட்டுத் தந்த நகையை மறுநாளே அடகுக் கடைக்குக் கொண்டுபோகிறவர், கட்டியவரை இன்னும் அறியவில்லை என்று சொன்னால் போதும்.

சாட்சி சொல்லப் பயிற்சி மூன்று கூட்டங்களில் நடந்தது. சாட்சிக்கு 3 நிமிடம். முதல் சுற்றில் ஏறக்குறைய எல்லாருமே இரண்டரை நிமிடத்தைப் பழைய பாவத்துக்கும் ஆஸ்பத்திரிக்கும் கொடுத்துவிட்டார்கள். கிறிஸ்து கடைசி வரியில் அவசரமாக வந்துபோனார். இப்போதைய அளவு: முன்பிருந்த நிலைக்கு அரை நிமிடம், கிறிஸ்து செய்ததற்கு ஒன்றரை நிமிடம், இன்றைய வாழ்வுக்கு ஒரு நிமிடம். இன்னும் தீராத பிரச்சினை இருந்தால் அதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும்.

சந்திப்பு ஊழியம் சனி மாலை 4.30 முதல் 6 வரை. விளக்கு வைக்கும் நேரத்தில் எந்த வீட்டு வாசலிலும் நிற்பதில்லை. இருவர் இருவராகப் போவது. பெண்கள் மட்டும் இருக்கும் வீட்டுக்குப் பெண்களே போவது. உள்ளே கூப்பிட்டால் ஒழியத் திண்ணையோடு நிற்பது. "ஒரு பகுதி வாசிக்கலாமா?" என்று கேட்டு, சரி என்றால் லூக்கா 15 (கெட்ட குமாரன் உவமை உள்ள அதிகாரம்) அல்லது 18:9-14 (பரிசேயனும் ஆயக்காரனும்) வாசித்து, பத்து நிமிடத்தில் எழுந்துவிடுவது. லூக்கா 15ஐ இளைய குமாரனோடு முடித்துவிடாதீர்கள். வயலிலிருந்து வந்து வாசலில் நிற்கும் மூத்தவன் சொல்லும் கணக்கைக் கேளுங்கள்: இத்தனை வருஷம் உழைத்தேன், எனக்கு ஒரு ஆட்டுக்குட்டியும் தரவில்லையே! கிரியையை நம்புகிறவரின் குரல் அது. நம் சபையிலும் அந்தக் குரல் உண்டு.

பேருந்து நிலையத்தில் கைப்பிரதி திணிப்பது நிறுத்தப்பட்டது. பாதி தரையில்தான் கிடக்கும், வசனத்தை மிதித்துக்கொண்டு போவார்கள். கேட்கிறவருக்கு லூக்கா சுவிசேஷத்தின் தனிப்பிரதி கொடுக்கிறோம்.

சட்டத்தையும் எல்லாரும் தெரிந்துகொள்ள வேண்டும். அரசியலமைப்பின் 25ஆம் பிரிவு மதத்தைப் பரப்பும் உரிமையைத் தருகிறது. 1977ஆம் ஆண்டு ஸ்தனிஸ்லாஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம், அது போதனையை எடுத்துச் சொல்லும் உரிமை, ஒருவரை மதம் மாற்றும் உரிமை அல்ல என்று தீர்ப்பளித்தது. நமக்கு இது தடையே அல்ல. மனதைத் திருப்புகிறவர் ஆவியானவர். சந்திக்கும் வீட்டில் பணம், சேலை, பள்ளிக் கட்டணம் என்று எதையும் பேசக் கூடாது. பெற்றோருக்குத் தெரியாமல் பிள்ளைகளைக் கூட்டிவரக் கூடாது. வேறு தெய்வத்தை இகழக் கூடாது. ஈவைப் பற்றிப் பேசிக்கொண்டே கையூட்டு வைத்தால் செய்தியே பொய்யாகிவிடும்.

கைப்பிடி அரிசி இந்த ஆண்டும் மிஷனெரி ஊழியத்துக்கே போனது. சந்திப்பு வீடுகளுக்கு அதில் ஒரு படியும் போகாது. உலை வைக்கும்போது ஒரு கைப்பிடி, சுமார் 40 கிராம். இருவேளையும் போட்டால் வாரத்தில் அரைக்கிலோவைத் தாண்டும். குறை இரண்டு. பொன்னி, இட்லி அரிசி, ரேஷன் அரிசி எல்லாம் ஒரே சாக்கில் கலந்ததால் ஏலத்தில் விலை இறங்கியது. இப்போது மூன்று சாக்கு வைத்திருக்கிறோம். மழை மாதத்தில் வண்டு விழுந்தது. பானையில் காய்ந்த வேப்பிலை போட்டு, இரண்டு வாரத்துக்கு ஒருமுறை கொண்டுவந்து சேர்த்துவிட வேண்டும்.

இந்தக் காணிக்கைக்குப் பின்னால் பெரிய வரலாறு இருக்கிறது. 1903 பிப்ரவரி 12ஆம் தேதி பாளையங்கோட்டையில் இந்திய மிஷனெரி சங்கம் தொடங்கியபோது, நம் மக்கள் நம் காசில் நம் ஆட்களைத் தெலுங்கு நாட்டுக்கு அனுப்பினார்கள். அதை முன்னின்று நடத்திய வெள்ளாளன்விளை வே. ச. அசரியா 1912இல் தெலுங்கு நாட்டின் தோர்ணக்கல் பேராயரானார். அங்கே ஞானஸ்நானம் பெறுகிறவர்கள் தங்கள் தலைமேல் கை வைத்து, "சுவிசேஷத்தைப் பிரசங்கியாதிருந்தால் எனக்கு ஐயோ" என்று சொல்லும்படி செய்தார். 1 கொரிந்தியர் 9:16. தண்ணீர் காயாத தலைமேல் வைத்த கை அது. கிருபையைப் பெற்றபின் சொன்ன வார்த்தை. ஊழியத்துக்கு வராதவர்களைக் குற்றப்படுத்த இந்த வசனத்தை இனி யாரும் எடுக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

விசாரிப்போர் வகுப்பு பத்துக் கற்பனைகளோடு (பத்துக் கட்டளைகளோடு) தொடங்கி அதிலேயே நின்றுவிட்டது, எங்கள் குறைதான். கற்பனை பாவத்தைக் காட்டும், அது அவசியம். ஆனால் இரண்டாம் வாரத்திலேயே, நியாயப்பிரமாணமில்லாமல் தேவநீதி வெளிப்பட்டது என்கிற ரோமர் 3:21க்கு வந்தாக வேண்டும். வரும் ஆண்டில் எட்டு வாரப் பாடம் அப்படியே அமையும். ஞானஸ்நானத் தேதியை விசாரிக்கிறவரே கேட்கட்டும், குழு குறிக்காது.

சாவி வைத்திருந்து ஆலய அறையைத் திறந்துவிட்ட உபதேசியார் ஐயாவுக்கும், மாதந்தோறும் காப்பி போட்டுத் தந்த பெண்கள் ஐக்கிய சங்கத்து அம்மாமாருக்கும் நன்றி. அடுத்த சந்திப்பு வரும் சனி 4.30க்கு, கீழத்தெருவிலிருந்து.

இப்படிக்கு,
செயலாளர்