இயங்குதளம் கட்டுகிறவர்களுக்கு: அந்த 'வகை' யார் சொன்னது?

வணக்கம்.

கோப்புகளைப் பட்டியல் போடும்போது, பெயருக்குப் பக்கத்தில் 'வகை' என்று ஒன்றைக் காட்டுகிறீர்களே, இந்த மடல் அதைப் பற்றியது. ஒரு முழு மதியத்தை அது தின்றுவிட்ட எரிச்சலில் எழுதுகிறேன், கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஒரு சிஎஸ்வி கோப்பு, அதாவது காற்புள்ளி போட்டுப் பிரித்த வெறும் உரை அட்டவணை. நான் ஓர் இணையப் படிவத்தில் ஏற்றினால் ஏறுகிறது. உடன் வேலை செய்பவர் அதையே தன் கணினியிலிருந்து ஏற்றினால், 'இந்த வகைக் கோப்பு ஏற்கப்படாது' என்று வருகிறது. இரண்டையும் பைட் பைட்டாக ஒப்பிட்டேன், துளி வித்தியாசம் இல்லை. பிரவுசரை மாற்றினோம். பெயரை மாற்றினோம். என்கோடிங் மேல் பழி போட்டோம். கடைசியில் பிரவுசர் என்னதான் அனுப்புகிறது என்று எட்டிப் பார்த்தபோது விஷயம் வெளியே வந்தது. என் கணினி அதைச் சிஎஸ்வி உரை என்று சொல்லி அனுப்புகிறது, அவருடையது விரிதாள் என்கிறது. அவரிடம் விரிதாள் மென்பொருள் இருக்கிறது, என்னிடம் இல்லை. அது குடியேறிய அன்றே, சிஎஸ்வி எல்லாம் தன் சொத்து என்று உங்கள் பதிவேட்டில் (விண்டோஸில் அதற்கு ரெஜிஸ்ட்ரி என்று பெயர்) எழுதிக்கொண்டுவிட்டது. பிரவுசர் கோப்பைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. உங்களிடம் கேட்டது, நீங்கள் சொன்னதை அப்படியே ஒப்பித்தது.

(பிரவுசர் சொன்னதை வேதவாக்காக எடுத்துக்கொண்ட படிவக்காரர் மேலும் தப்பு இருக்கிறது. அவருக்குத் தனி மடல்.)

இந்தக் கோளாறு வேறு வேஷத்திலும் வரும். கோப்பு என்ன ரகம் என்று பிரவுசரும் சர்வரும் ஒன்றுக்கொன்று சொல்லிக்கொள்ளும் பெயர்தான் மைம் வகை. விண்டோஸில் பைத்தான் நிரல்மொழியின் மைம்டைப்ஸ் மாட்யூல் (தனி நிரல் துண்டு), அந்த வகைகளை ரெஜிஸ்ட்ரியிலிருந்தும் எடுத்துக்கொள்கிறது. ஏதோ ஒரு புரோகிராம் அங்கே ஜாவாஸ்கிரிப்டைச் சாதாரண உரை என்று மாற்றி வைத்திருந்தால், அதை நம்பி அதே கணினியில் ஓடும் லோக்கல் சர்வரும் அப்படியே பரிமாறும். பிரவுசர் அதை மாட்யூலாக இயக்க மறுக்கும், பக்கம் வெள்ளையாக நிற்கும். எழுதியவர் தன் நிரலில் இல்லாத பிழையைத் தேடிக்கொண்டிருப்பார்.

சிக்கல் என்னவென்றால், 'வகை' என்ற ஒரே சொல்லுக்குள் மூன்று சங்கதிகளைத் திணித்து வைத்திருக்கிறீர்கள். பெயரின் வால் (கடைசிப் புள்ளிக்குப் பின் வரும் எழுத்துகள்) என்ன சொல்கிறது, உள்ளே இருக்கும் பைட்டுகள் என்ன சொல்கின்றன, எந்தப் புரோகிராம் உரிமை கொண்டாடுகிறது. மூன்றும் ஒத்துப்போகும்வரை யாருக்கும் தொந்தரவில்லை. '.டிஎஸ்' என்று முடியும் கோப்பை எடுத்துக்கொள்ளுங்கள். அது எம்பெக் வீடியோவாக இருக்கலாம், 2012இல் வெளிவந்த டைப்ஸ்கிரிப்ட் மொழியின் நிரலாகவும் இருக்கலாம். வீடியோ என்றால் வழக்கமாக 188 பைட்டுக்கு ஒருமுறை ஒரே அடையாள பைட் திரும்பத் திரும்ப வரும். அப்படி நாலு துண்டுகளைப் பார்த்தாலே தெரிந்துவிடும். பார்க்காமல், ஒரு புரோகிராமருடைய ஃபோல்டர் முழுக்க வீடியோ ஐகானாக ஒட்டி வைக்கிறீர்கள்.

ஒவ்வொரு கோப்பையும் திறந்து படியுங்கள் என்று நான் கேட்கவில்லை. நெட்வொர்க்கில் இருக்கும் பெரிய ஃபோல்டரில் அப்படிச் செய்தால் பட்டியல் வருவதற்குள் பொழுது சாய்ந்துவிடும். பைட்டுகளும் எல்லா நேரமும் முழு உண்மையைச் சொல்வதில்லை. ஜிப் கோப்பின் தொடக்கத்தில் 'பிகே' என்று இருக்கும், அந்த வடிவத்தை உருவாக்கிய ஃபில் காட்ஸின் முதலெழுத்துகள் அவை. வேர்டின் டாக்எக்ஸ் கோப்பும் உள்ளுக்குள் ஜிப்தான், அதிலும் அதே 'பிகே'. ஆக, ஊகிக்காமல் முடியாது. சரி, ஊகியுங்கள். ஆனால் ஊகம் என்று சொல்லிவிட்டுச் செய்யுங்கள்.

அந்த வாலையாவது கண்ணில் காட்டுகிறீர்களா? விண்டோஸ் 95 காலத்திலிருந்து, தெரிந்த வகை என்றால் வாலை மறைப்பதுதான் டீஃபால்ட். 2000 மே மாதம் உலகம் முழுக்கப் பரவிய 'ஐ லவ் யூ' வைரஸ் அந்த மறைவில்தான் ஒளிந்து வந்தது. இணைப்பின் பெயர் '.டிஎக்ஸ்டி.விபிஎஸ்' என்று முடியும், இது இயங்கும் நிரல் என்று காட்டும் பின்வால் மறைந்துபோக, பார்த்தவர்களுக்கு அது வெறும் உரைக் கோப்பு. இத்தனைக்குப் பிறகும் விண்டோஸ் 11இல் அதே டீஃபால்ட்.

விண்டோஸ் 8இலிருந்து, ஒரு கோப்பை எந்தப் புரோகிராம் திறக்க வேண்டும் என்ற பயனரின் தேர்வுக்கு ஹாஷ் என்ற சரிபார்ப்புக் குறி ஒன்றைப் போட்டுப் பூட்டினார்கள், வேறு புரோகிராம்கள் சத்தமில்லாமல் மாற்றிவிடக் கூடாது என்று. நல்ல காரியம். பிரவுசரும் சர்வரும் படிக்கிற மைம் வகைக்கு மட்டும் அந்தப் பூட்டு இல்லை. வாசலைப் பூட்டிவிட்டுக் கொல்லைக் கதவைத் திறந்து வைத்த கதை.

நான் கேட்பது ஒரே ஒரு வரி. கோப்பின் பண்புகளைத் திறந்தால், 'இதை விரிதாள் என்கிறேன். காரணம் பெயரின் வால். அந்த வாலுக்கு இந்த அர்த்தத்தை இன்ன புரோகிராம் இன்ன தேதியில் எழுதியது' என்று தெரிய வேண்டும். பக்கத்திலேயே, பழையபடி மாற்ற ஒரு பொத்தான். லினக்ஸில் 'ஃபைல்' என்ற கட்டளை பல காலமாக உள்ளடக்கத்தைப் பார்த்துப் பதில் சொல்கிறது. மேக்கில் 2005 முதல் வகைகளுக்கு ஒழுங்கான படிநிலை அமைப்பு இருக்கிறது. அதாவது, உங்களுக்குத் தெரியாத வித்தை எதையும் நான் கேட்கவில்லை.

பதிவேட்டில் அந்த ஒரு வரியைக் கையால் திருத்தினோம், சக ஊழியரின் கோப்பு ஏறிவிட்டது. அடுத்த அப்டேட்டில் அந்த மென்பொருள் மறுபடி எழுதிவிட்டுப் போகுமோ என்னவோ. எதற்கும் இருக்கட்டும் என்று, திருத்தும் வழியை ஒரு கோப்பில் எழுதி அவருடைய டெஸ்க்டாப்பிலேயே வைத்திருக்கிறேன். அதன் பெயர் 'படிக்கவும்.டிஎக்ஸ்டி.டிஎக்ஸ்டி' என்று ஆகியிருப்பதை இப்போதுதான் கவனித்தேன்.

இப்படிக்கு,
உங்கள் ஊகங்களைச் சரிபார்த்தே காலம் தள்ளும் ஒரு பயனர்