சாயங்கால வகுப்புப் பிள்ளைகளுக்காக ஒரு கடிதம்

கொழிஞ்சாம்பாறை,
ஆடி மாதம்.

அன்பு மாப்பிள்ளைக்கு,

தங்கச்சிக்கு உடம்பு தேறிவிட்டது என்று நீ எழுதியதைப் படித்த பிறகுதான் நிம்மதியாச்சு. இங்கே கணவாய்க் காற்று ஆளையே தள்ளுகிறது. நேற்று ராத்திரி தென்னை மட்டை விழுந்து நாலு ஓடு போச்சு. அம்மா உன்னை விசாரித்தாள்.

நாம் எம்பிஏ படித்த அதே கல்லூரியில், அதே சாயங்கால வகுப்புக்கு இப்போது நான் பாடம் எடுக்கிறேன். கஞ்சிக்கோட்டுத் தொழிற்சாலைகளில் ஷிப்ட் முடித்து, சுமார் 40 கி.மீ. பைக்கில் கோயமுத்தூர் வருகிறவர்கள்தான் பாதிப் பேர். நம் காலத்தில் வாளையாறு எல்லை லாரி வரிசையில் மாட்டி முதல் பீரியடே போய்விடும், ஞாபகம் இருக்கா? 2017-ல் ஜிஎஸ்டி வந்து வணிகவரி செக்போஸ்ட்டை எடுத்ததும் அந்தத் தொல்லை குறைந்தது. மாணவர்களுக்கு வேலை தேடித்தரும் பிளேஸ்மென்ட் செல் மட்டும் நாம் விட்டுவந்தபடியே இருக்கிறது. ஐந்து மணிக்குப் பூட்டிவிடுகிறார்கள். பிள்ளைகள் வந்து சேர்வதே ஆறரைக்கு. போன வாரம் போர்டில் ஒரு நோட்டீஸ்: கேம்பஸ் இன்டர்வியூ, புதன் காலை 9.30, முழுநேர மாணவர்களுக்கு மட்டும். எனக்கு வயிறு எரிந்தது.

கேட்டால், "அவங்களுக்குத்தான் வேலை இருக்கே சார்" என்கிறார்கள். வேலை இருப்பதால்தானே சிக்கல்! கேம்பஸுக்கு வரும் கம்பெனி புதுசாகப் படித்து வருகிறவனுக்கான சம்பளம் பேசும். இவர்களுக்கோ 60 நாள், 90 நாள் நோட்டீஸ் பீரியட். சிலருக்குக் கம்பெனியே பீஸ் கட்டி, வேலையை விட்டுப் போகமாட்டேன் என்று பாண்ட் எழுதி வாங்கியிருக்கிறது. அவர்கள் வெளியே போகப் போவதில்லை. இருக்கும் இடத்திலேயே மேலே போக எப்படிப் பேசுவது என்று சொல்லித்தர ஆள் வேண்டும். எல்லாவற்றையும் விட, ரெஸ்யூம் கொடுத்த சேதி மேனேஜர் காதுக்குப் போய்விடுமோ என்ற பயம். ரகசியம் காக்கும் ஆளிடம்தான் வாய் திறப்பார்கள்.

ஒரு பையன் ரெஸ்யூம் காட்டினான். "ஷிப்ட் சூப்பர்வைசர், 9 வருடம்." அவ்வளவுதான். பக்கத்தில் உட்காரவைத்து, "அங்கே என்னப்பா செஞ்சே?" என்று கேட்டேன். நகக்கண்ணில் கிரீஸ் போகாத விரலால் மேஜையில் படம் போட்டே விளக்கினான். தகட்டை அழுத்தி வடிவம் கொடுக்கும் பிரஸ் மெஷினில் டை, அதாவது அச்சு, மாற்ற மூணு மணி நேரம் ஆகுமாம். கருவிகளை முன்கூட்டியே வரிசையாக எடுத்துவைத்து, போல்ட்டுக்குப் பதில் கிளாம்ப் போட்டு, ஒரு மணி நேரத்துக்குள் கொண்டுவந்திருக்கிறான். "இதை எழுதலையா?" என்றால், "அது என் வேலைதானே சார்" என்கிறான். ரெண்டு பேரும் சேர்ந்து அதை மூன்று வரியாக எழுதி முடிக்கும்போது மணி ஒன்பதரை. அவனுக்குக் காலை ஆறு மணி ஷிப்ட்.

இப்படிக் கேட்டு எழுதவைக்க நீ வேண்டும். ஓசூரில் இத்தனை வருடமாக ஆள் எடுக்கிறவன் நீ. எந்த வரியில் உன் கண் நிற்கும் என்று உனக்குத்தான் தெரியும். மாதம் ஒரு சனிக்கிழமை ராத்திரி எட்டரை மணிக்கு மேல், ஆளுக்கு இருபது நிமிஷம், போனில் போதும். முதல் தடவை மட்டும் நேரில் வா. முதல்வர் ஒரு ரூம் கொடுத்து, சாவியையும் என்னிடமே தந்துவிட்டார். பதினோரு பேர் பெயர் கொடுத்திருக்கிறார்கள். எந்தச் சனிக்கிழமை உனக்குத் தோதுப்படும் என்று எழுது, அவர்கள் ஷிப்ட் மாற்றிக்கொள்ள வேண்டும்.

அன்புடன்,
உன் பெஞ்சுத் தோழன்