திருகை இறுக்கும் முன் ஆட்டம் எங்கே என்று பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் கடந்த ஞாயிறு வாகனப் பக்கத்தில் பழைய ஜீப்புகளின் பராமரிப்பு பற்றி வெளியான கட்டுரையைப் படித்தேன். கார்புரேட்டரைச் சுத்தம் செய்வது, பிரேக் ஆயில் மாற்றுவது முதலியவற்றைப் பற்றிப் பயனுள்ள செய்திகள் அதில் இருந்தன. ஆனால், ஸ்டியரிங்கில் ஆட்டம் (வீலைத் திருப்பியும் சக்கரம் அசையாத தளர்ச்சி) இருந்தால், வீலின் திருப்பத்தை வாங்கிச் சக்கரங்களுக்கு அனுப்பும் ஸ்டியரிங் பாக்ஸில் உள்ள திருகை அரைச் சுற்று இறுக்கினால் போதும் என்று ஒரே வரியில் சொல்லி முடித்திருந்ததைப் படித்துவிட்டுச் சும்மா இருக்க மனம் வரவில்லை. அந்த அரைச் சுற்றை நானும் ஒருமுறை இறுக்கச் சொன்னவன். அதனால் பட்டதையும், பிறகு வண்டிக்கு அடியில் படுத்துக் கற்றதையும் எழுதுகிறேன்.

என்னிடம் இருப்பது 1940களின் பிற்பகுதியில் வந்த வில்லிஸ் சிஜே-2ஏ. வாங்கிய புதிதில், ஸ்டியரிங் வீலை ஒரு கை அகலத்துக்குத் திருப்பிய பிறகுதான் முன்சக்கரம் அசையும். ஒரு மெக்கானிக் பாக்ஸின் பக்கவாட்டு மூடியில் இருந்த லாக் நட்டைத் தளர்த்தி, நடுத் திருகைத் திருப்புளியால் இறுக்கி, மறுபடி நட்டை முடுக்கினார். ஐந்து நிமிட வேலை. ஆட்டம் பாதியாகக் குறைந்துவிட்டது என்று நானும் மகிழ்ந்தேன். ஆனால், வளைவில் திருப்பினால் வீல் தானாக நேர்நிலைக்குத் திரும்பி வருவது அன்றோடு நின்றது. கையால் இழுத்துக் கொண்டுவர வேண்டியிருந்தது. நேரான சாலையிலும் வீல் நடுவிலிருந்து சற்றுத் தள்ளி ஒட்டிக்கொண்டு நிற்கும். அதை நடுவுக்குத் தள்ளினால் அந்தப் பக்கம் போய் ஒட்டிக்கொள்ளும். முன்பு தளர்ச்சியால் அலைந்த வண்டி, இப்போது இறுக்கத்தால் அலைந்தது. சில மாதங்கள் கழித்துப் பாக்ஸைப் பிரித்தபோது, உள்ளே இருக்கும் கேமின் பள்ளத்தில் நடுப்பகுதி மட்டும் பொரிந்து செதில் செதிலாகப் பெயர்ந்திருந்தது. உண்மையான ஆட்டமோ பாக்ஸில் இல்லவே இல்லை; அது இரண்டு முழம் தள்ளி, முன் அச்சின் மேல் இருந்தது.

இது ஏன் இப்படி ஆகிறது என்பதற்கு அந்தப் பாக்ஸின் அமைப்பைத் தெரிந்துகொள்ள வேண்டும். ராஸ் வகை என்று சொல்லப்படும் இந்தப் பாக்ஸில், ஸ்டியரிங் தண்டின் அடியில் மரை போன்ற பள்ளம் வெட்டிய ஒரு கேம் இருக்கிறது. லீவரில் பதித்த ஊசிகள் அந்தப் பள்ளத்துக்குள் ஓடுகின்றன. வண்டி நேராகப் போகும் நிலையில் ஊசிகள் இறுக்கமாகவும், இரு பக்கமும் திரும்பிய நிலையில் சற்றுத் தளர்வாகவும் இருக்கும்படி அந்தப் பள்ளத்தை வேண்டுமென்றே வெட்டியிருக்கிறார்கள். வண்டி பெரும்பாலும் நேராகத்தானே ஓடுகிறது, ஆகவே தேய்வதும் நடுப்பகுதியே. சக்கரம் திரும்பி நிற்கும்போது கிடைக்கும் தளர்ச்சியைப் பார்த்து ஒருவர் திருகை இறுக்கினால், சக்கரம் நேரானதும் ஊசிகள் பள்ளத்தைக் கடித்துக்கொள்ளும். எனவே, பாக்ஸின் அசைவை முன் அச்சுக்குக் கொண்டுபோகும் கம்பியான டிராக் லிங்க்கைக் கழற்றிவிட்டு, வீலைச் சரியாக நடுவில் நிறுத்தி, அந்த நிலையில் மட்டுமே திருகைத் தொட வேண்டும். அதற்கும் முன்னால், தண்டு மேலும் கீழும் ஆடுகிறதா என்று வீலைப் பிடித்து இழுத்துத் தள்ளிப் பார்க்க வேண்டும். ஆடினால், மேல் மூடிக்கு அடியில் உள்ள, ஷிம் எனப்படும் மெல்லிய இடைத்தகடுகளைக் குறைத்து அதைச் சரி செய்த பிறகே நடுத் திருகின் முறை வரும். இந்த வரிசையை மாற்றினால் இரண்டுமே பாழ்.

பாக்ஸ் ஏன் கடைசியில் வர வேண்டும் என்பதற்கு ஒரு சிறு கணக்கும் உண்டு. ஸ்டியரிங் வீலின் விட்டம் 40 செ.மீ., பாக்ஸிலிருந்து நீண்டு டிராக் லிங்க்கை அசைக்கும் பிட்மன் ஆர்மின் நீளம் 14 செ.மீ., பாக்ஸின் விகிதம் 12க்கு 1 (வீல் 12 டிகிரி திரும்பினால் ஆர்ம் 1 டிகிரி திரும்பும்) என்று வைத்துக்கொள்வோம். பிட்மன் ஆர்மின் நுனியில் உள்ள மூட்டு வெறும் 1 மி.மீ. தேய்ந்திருந்தால், அந்த ஆர்ம் 0.4 டிகிரி அளவுக்குச் சும்மா அசையும். அதை ஈடுகட்ட வீல் ஏறத்தாழ 5 டிகிரி திரும்ப வேண்டும். வீலின் விளிம்பில் அது 17 மி.மீ. என் வண்டி வகையில் பாக்ஸுக்கும் ஒரு முன்சக்கரத்துக்கும் இடையே டிராக் லிங்க்கின் இரண்டு முனைகள், முன் அச்சின் மேல் திரும்பும் நடு நெம்புகோலான பெல் கிராங்க்கின் அச்சாணி, அங்கிருந்து சக்கரத்துக்குப் போகும் டை ராடின் இரண்டு முனைகள் என ஐந்து மூட்டுகள் இருக்கின்றன. ஒவ்வொன்றிலும் அரை மி.மீ. தேய்ந்தாலே விளிம்பில் 4 செ.மீ.க்கு மேல் ஆட்டம் வந்துவிடும், பாக்ஸ் புத்தம் புதிதாக இருந்தாலும்.

ஆகவே, ஆட்டத்தைத் தேடுவதற்கு இரண்டு பேர் வேண்டும். சக்கரங்களைத் தூக்கக் கூடாது. வண்டியின் பாரம் டயர்களின் மேல் இருந்தால்தான் மூட்டுகள் தங்கள் தேய்மானத்தைக் காட்டும். சமதரையில் நிறுத்தி, பின்சக்கரங்களுக்கு முட்டுக் கொடுத்து, என்ஜினை அணைத்துவிட்டு (பவர் ஸ்டியரிங் உள்ள வண்டியானால் மட்டும் என்ஜின் ஓட வேண்டும்), ஒருவர் வீலை ஆட்டம் இருக்கும் அளவுக்குள்ளேயே இடமும் வலமுமாக மெதுவாக அசைக்க வேண்டும். மற்றவர் அடியில் படுத்து, பாக்ஸிலிருந்து தொடங்கிச் சக்கரம் வரை ஒவ்வொரு மூட்டின் மேலும் விரல்களை வைத்துக்கொண்டு வர வேண்டும். ஒரு விரல் மூட்டின் இந்தப் பக்கத்திலும், மற்றொரு விரல் அந்தப் பக்கத்திலும் இருக்கட்டும். இரண்டும் ஒன்றாக அசைந்தால் அந்த மூட்டு நல்லது. ஒன்று அசைந்து மற்றொன்று சும்மா நின்றால், அசைவு அங்கேதான் செத்துப்போகிறது. கண்ணை விட விரல் நம்பகமானது என்பது என் அனுபவம்.

என் வண்டியில் இந்தச் சோதனையைச் செய்த அன்று என் மகள் சீட்டில் உட்கார்ந்து வீலை அசைத்தாள். பிட்மன் ஆர்ம் அசைந்தது. டிராக் லிங்க்கும் கூடவே வந்தது. பெல் கிராங்க்கின் மேல் கை வைத்ததும், அது திரும்புவதற்குப் பதிலாக முதலில் ஒரு பக்கமாகச் சாய்ந்து, “டக்” என்ற சிறு சத்தத்துடன் நின்று, அதற்குப் பிறகே திரும்பியது. “அப்பா, இப்போது சக்கரம் அசைகிறதா?” என்று அவள் மேலிருந்து மூன்று முறை கேட்டாள், மூன்று முறையும் சக்கரம் அசைந்திருக்கவில்லை. கழற்றிப் பார்த்தபோது, அச்சாணியில் ஊசி பேரிங் உட்காரும் இடத்தில் நகத்தை இழுத்தால் தடுக்கும் அளவுக்கு வரிவரியாகப் பள்ளம் விழுந்திருந்தது. அச்சாணியையும் பேரிங்குகளையும் மாற்றியவுடன் ஆட்டத்தில் பெரும்பகுதி போய்விட்டது. இத்தகைய நடு மூட்டு வேறு பல பழைய வண்டிகளிலும் உண்டு. டொயோட்டா எஃப்ஜே40இல் அதைச் சென்டர் ஆர்ம் என்பார்கள். லேண்ட் ரோவர் சீரீஸ் வண்டிகளில் அது சேஸிஸின் முன் குறுக்குச் சட்டத்துக்குள் நிற்கும் ஸ்டியரிங் ரிலே. பாக்ஸையும் டை ராடு எண்டுகளையும் மாற்றிவிட்டு, நடுவில் இருக்கும் இதைப் பார்க்காமலே விட்டவர்கள் பலரைப் பார்த்திருக்கிறேன்.

இந்தச் சோதனைக்கு முன்னால் கிரீஸ் அடிக்கக் கூடாது. புதிதாக அடித்த கிரீஸ் இடைவெளியை நிரப்பி, தேய்ந்த மூட்டையும் கொஞ்ச நேரத்துக்கு நல்ல மூட்டைப் போலக் காட்டும். பழைய வண்டி வாங்கப் போகிறவர்கள், எல்லா நிப்பிள்களிலும் புது கிரீஸ் பிதுங்கி நிற்பதைக் கண்டால், பராமரிப்பைப் பாராட்டுவதோடு கொஞ்சம் சந்தேகமும் படலாம்.

டிராக் லிங்க்கைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். வில்லிஸ் வகையில் அதன் முனைகளுக்குள் பந்தைப் பிடிக்கும் கிண்ணங்களும் அவற்றுக்குப் பின்னால் ஸ்பிரிங்குகளும் இருக்கின்றன. மேடுபள்ளத்தின் அதிர்ச்சி கைக்கு வராமல் தடுப்பதற்காகவே அந்த ஸ்பிரிங்குகள் வைக்கப்பட்டுள்ளன; ஆகவே அங்கே தெரியும் சிறு அசைவு எல்லாம் கோளாறு அல்ல. முனையில் உள்ள பிளக்கை முட்டும் வரை இறுக்கி, பிறகு அரைச் சுற்றோ ஒரு சுற்றோ, அந்த முனைக்குச் சொல்லப்பட்ட அளவுக்குத் தளர்த்தி, ஸ்ப்ளிட் பின்னைச் செருக வேண்டும். ஆட்டம் போகட்டும் என்று முழுவதும் இறுக்கி வைத்தால், பந்து சுழல முடியாமல் அதன் கழுத்தில் பாரம் ஏறும். ஓடும்போது அந்தக் கழுத்து முறிந்தால் டிரைவர் கையில் இருப்பது வெறும் வளையம்தான். டை ராடு எண்டின் நட்டில் ஸ்ப்ளிட் பின்னுக்கான துளை நேராக வராவிட்டால் நட்டை இன்னும் சற்று இறுக்க வேண்டுமே தவிர, தளர்த்திச் சேர்க்கக் கூடாது என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

மூட்டுகள் எல்லாம் நன்றாக இருந்தால், பாக்ஸைச் சேஸிஸோடு பிணைக்கும் போல்ட்டுகளைப் பாருங்கள். வீலை அசைக்கும்போது பாக்ஸே சேஸிஸின் மேல் நெளிந்தால், அந்த நெளிவும் வீலில் ஆட்டமாகத்தான் தெரியும். போல்ட் தலையைச் சுற்றிச் செந்நிறத் துருப்பொடி கசிந்திருந்தால் அந்த இணைப்பு உராய்ந்துகொண்டிருக்கிறது என்று பொருள். பழைய ஜீப்புகளில் அந்த இடத்துச் சேஸிஸ் சட்டத்திலேயே விரிசல் விடுவதும் உண்டு. மண்ணைச் சுரண்டித் துடைத்துவிட்டுப் பார்த்தால்தான் தெரியும்.

அடுத்தது சக்கரம். இதற்கு மட்டும் முன் அச்சை ஜாக்கியால் தூக்கி, அச்சுக்கு அடியில் உறுதியான தாங்கி வைத்துக்கொள்ள வேண்டும். ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் நுழைய வேண்டாம். டயரின் உச்சியையும் அடியையும் பிடித்து உள்ளும் வெளியுமாக ஆட்டிப் பாருங்கள். ஆட்டம் தெரிந்தால், உதவியாளரைப் பிரேக்கை மிதிக்கச் சொல்லுங்கள். பிரேக் பிடித்ததும் ஆட்டம் மறைந்தால் கோளாறு வீல் பேரிங்கில். பிரேக்கை மிதித்த பிறகும் ஆடினால், சக்கரம் இடமும் வலமும் திரும்புவதற்கான செங்குத்து அச்சாணியான கிங் பின்னின் பேரிங்கில். காசு செலவில்லாத இந்த ஒரு சோதனை, தேவையில்லாமல் ஹப்பைக் கழற்றும் வேலையை மிச்சப்படுத்தும். கிங் பின்னின் மேலும் கீழும் உள்ள ஷிம்களைக் குறைக்கும்போது, இரு பக்கமும் சம அளவில் குறைத்தால்தான் உள்ளே ஓடும் ஆக்சில் நடுவில் நிற்கும்.

கட்டுரையாளர் கவனிக்காத வேறொரு வேறுபாடும் இருக்கிறது. வீலில் ஆட்டம் இருப்பது ஒன்று. வீலில் ஆட்டமே இல்லாமல் வண்டி சாலையில் அலைவது வேறு. இரண்டையும் நாம் “ஸ்டியரிங் லூஸ்” என்றே சொல்லிவிடுகிறோம். இரண்டாவது வகைக்கு எந்தத் திருகை இறுக்கியும் பயனில்லை. டயரில் காற்றுக் குறைவு, இரு பக்கமும் வெவ்வேறு வகை டயர், பட்டை ஸ்பிரிங்கை அச்சோடு பிணைக்கும் யூ போல்ட்டு தளர்ந்திருப்பது, ஸ்பிரிங்கின் முனையைச் சேஸிஸோடு இணைக்கும் ஷாக்கிளின் புஷ் தேய்ந்திருப்பது ஆகியவற்றில் ஏதேனும் ஒன்று காரணமாக இருக்கலாம். இவை எதுவும் இல்லையென்றால் கேஸ்டர் கோணத்தைப் பார்க்க வேண்டும். கிங் பின் பின்னோக்கிச் சாய்ந்திருக்கும் அந்தக் கோணம்தான் சக்கரத்தை நேராக வைத்திருக்கிறது. என் வகை ஜீப்புக்கு அது 3 டிகிரி. பட்டை ஸ்பிரிங்குகள் தொய்ந்து போனாலோ, வண்டியை உயர்த்துவதற்காக நீளமான ஷாக்கிள் போட்டாலோ அந்தக் கோணம் குறைந்து, சக்கரம் எந்தப் பக்கம் போவது என்று தெரியாமல் தடுமாறும். ஸ்பிரிங்குக்கும் அச்சுக்கும் இடையே ஆப்பு வடிவத் தகடு வைத்து இதைச் சரிசெய்ய முடியும்.

குறிப்பிட்ட வேகத்தில் முன்பக்கமே உதறத் தொடங்கினால், உடனே அந்த உதறலை அடக்கும் ஸ்டியரிங் டாம்பர் ஒன்றைப் பொருத்தச் சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. தளர்ந்த கிங் பின்னையும் தேய்ந்த மூட்டையும் டாம்பர் சில காலம் மறைத்து வைக்கும். மறைந்திருக்கும் காலம் முழுவதும் அவை தேய்ந்துகொண்டே இருக்கும்.

கட்டுரையைப் படித்துவிட்டு ஏற்கெனவே திருகை இறுக்கியவர்கள், வண்டியை மீண்டும் சாலையில் எடுக்கும் முன் முன் அச்சைத் தூக்கி நிறுத்தி, வீலை ஒரு கோடியிலிருந்து மறு கோடி வரை இரண்டே விரல்களால் மெதுவாகச் சுற்றிப் பார்க்கட்டும். நடுவைக் கடக்கும்போது சற்றே அழுத்தம் கூடுவது இயல்பு. ஆனால் அங்கே வெடுக்கென்று பிடித்து நின்றால், லாக் நட்டைத் தளர்த்தி, அந்தப் பிடிப்பு போகும் வரை திருகைப் பின்னோக்கித் திருப்பிவிட வேண்டும். இந்த ஒரு குறிப்பையாவது அடுத்த ஞாயிறு இதழின் வாகனப் பக்கத்தில் வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
பழைய ஜீப் ஓட்டும் தங்கள் வாசகர்